இராசலிங்கத்தாரின் ஈரப் படங்கள்

வாணிவிழா மேடையில் அந்தப் பேச்சைப் பேசாமல் விட்டிருந்தால், இராசலிங்கத்தார் அந்த மாரிகாலம் முழுவதும் பஸ்ஸில் சூடாக இருந்து வேலைக்குப் போய் வந்திருப்பார்.

ஜெர்மனியின் எசன் நகரத்து மருத்துவமனை ஒன்றின் துணிக் களஞ்சியத்தில் அவருக்கு வேலை. கட்டில் விரிப்புகளையும் தலையணை உறைகளையும் தள்ளுவண்டிலில் அடுக்கி வார்டுகளுக்கு அனுப்ப வேண்டும். கோடையில் வைத்தியர் அவருடைய இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, சீனி ஏறிக்கொண்டு போகிறது, உடம்பை அசைத்தே ஆகவேண்டும் என்றார். இராசலிங்கத்தார் ஒரு சைக்கிள் வாங்கினார். வீட்டிலிருந்து மருத்துவமனைக்குப் பழைய ரயில் பாதையைச் செப்பனிட்டுப் போட்ட சைக்கிள் பாதை ஒன்று போகிறது. ஆகஸ்ட் மாதத்தில் அதில் போவது சொர்க்கம். இரண்டு பக்கமும் மரம், இளவெயில், குறுக்கே ஓடும் முயல்கள். காற்சட்டை இடுப்பில் தளர்ந்தது. தலைதான் கொஞ்சம் கனத்துவிட்டது.

வாணிவிழாவில் தமிழ்ச் சங்கத் தலைவர் வசந்த்குமார், உடல்நலத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுங்கோ என்று ஒலிவாங்கியைக் கொடுத்தார். இராசலிங்கத்தார் பூசைக்கு அவித்த கடலை ஆறிக் குளிரும்வரை பேசினார். கடைசியில், கைதட்டலில் மயங்கி, மழையோ பனியோ சித்திரை வருடப்பிறப்பு வரைக்கும் சைக்கிளில்தான் வேலைக்குப் போவேன், தினமும் காலையில் படம் எடுத்துச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன் என்று சபையறியச் சொன்னார். பின் வரிசையில் இருந்த மனைவி சுந்தரேஸ்வரி கண்களை மூடிக்கொண்டார்.

ஒக்டோபர் நன்றாகவே போனது. மஞ்சள் இலைகளுக்கு நடுவே ஹெல்மெற்றோடு சிரிக்கும் இராசலிங்கத்தாரைக் குழு தினமும் கண்டது. படத்துக்குக் கீழே அவரே யோசித்த வசனம் ஒன்றும் இருக்கும். ‘நனைபவனே முளைப்பான்’ என்று ஒரு நாள் போட்டார். அன்றைக்குச் சின்னத் தூறல்தான்.

நவம்பரில் உண்மையான மழை தொடங்கியது. அது மேலிருந்து மட்டும் பெய்யவில்லை. முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் வந்தது. கையுறைக்குள் புகுந்து முழங்கையால் வெளியேறியது. வேலைக்குப் போய்ச் சேர்ந்தால் சப்பாத்துக்குள் கால்விரல்கள் இருப்பதை எட்டிப் பார்த்துத்தான் நிச்சயப்படுத்த வேண்டும். இரண்டாவது கிழமை ஒரு மாலை, காற்று சைக்கிளைப் பின்னோக்கித் தள்ளுவதைப் பார்த்துவிட்டு, அதை மருத்துவமனைக் கொட்டகையிலேயே பூட்டிவிட்டுப் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார். ஒரு நாளைக்குத்தானே என்று நினைத்தார்.

அடுத்த நாள் காலையிலும் பஸ்ஸில்தான் போனார். ஆனால் படம் போட வேண்டுமே. கொட்டகைக்குப் போய், பையிலிருந்த ஹெல்மெற்றை எடுத்து மாட்டி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். மழைச்சட்டை காய்ந்து கிடந்தது. தண்ணீர்ப் போத்தலைத் திறந்து தலையிலும் தோளிலும் ஊற்றிக்கொண்டு படத்தை எடுத்தார். குழுவில் கும்பிட்ட கைகள் வரிசையாக வந்தன. பிறகு தினமும் இதே முறைதான். ஒரே ஒரு தரம் பிசகியது. எசன் முழுவதும் மழையே இல்லாத ஒரு நாளில் இவர் சொட்டச் சொட்ட நின்றார். பக்கத்துத் தெருவில் இருக்கும் வசந்த்குமார், மழை எங்கே பெய்தது என்று கேட்டு எழுதினார். ரூர் ஆற்றுப் பக்கத்திலிருந்து ஒரு முகில் தனியாக வந்து தன்மேல் பெய்துவிட்டுப் போனதாக இராசலிங்கத்தார் பதில் எழுதினார். அதற்கும் கும்பிட்ட கைகள் வந்தன.

டிசெம்பர் தொடக்கத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, றோசம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். இரண்டு தெரு தள்ளி இருப்பவர். கணவர் இறந்த பிறகு தனியாக வாழ்பவர். மருத்துவமனைக்குப் பின்னாலுள்ள முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறார்.

“அண்ணை, உங்கட படத்தைப் பாத்துத்தான் நானும் சைக்கிளிலை வேலைக்குப் போகத் தொடங்கினனான்,” என்றார். “மழைக்குள்ளை எல்லாம் போறன். ஆனா விடிய அந்தப் பாதை ஒரே இருட்டு. நாளையிலை இருந்து உங்களோடை சேர்ந்து வாறன்.”

ஓம், அதுக்கென்ன, வாங்கோ என்று இராசலிங்கத்தாரின் வாய் தானாகச் சொல்லிவிட்டது. தொலைபேசியை வைத்த பிறகுதான் சைக்கிள் மருத்துவமனையில் நிற்பது நினைவுக்கு வந்தது.

பஸ் பிடித்துப் போனார். சங்கிலி செம்மஞ்சளாகத் துருப்பிடித்திருந்தது. இரண்டு சில்லிலும் காற்றில்லை. கொட்டும் மழையில் சைக்கிளை வீடுவரை தள்ளிக்கொண்டே வந்தார். கதவைத் திறந்த சுந்தரேஸ்வரி அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“இண்டைக்குப் போத்தில் பெரிசு போலை,” என்றார்.

மனைவிக்கு எப்படித் தெரியும் என்று இராசலிங்கத்தார் கேட்கவில்லை. சில்லுகளுக்குக் காற்றடித்துவிட்டு, தேங்காயெண்ணெயை எடுத்துச் சங்கிலிக்குப் பூசத் தொடங்கினார்.

திங்கட்கிழமை விடியமுன் கீழே மணி அடித்தது. றோசம்மா கடும் மஞ்சள் மழைச்சட்டை போட்டிருந்தார். இரண்டு சப்பாத்துகளுக்கு மேலும் தமிழ்க் கடைப் பொலித்தீன் பைகளைச் சுற்றி றப்பர் பாண்டால் கட்டியிருந்தார். அதைப் பார்த்து இராசலிங்கத்தார் மனதுக்குள் சிரித்தார். அந்தச் சிரிப்பு முதல் பாலம்வரைதான் நீடித்தது. அங்கேயே அவருடைய சப்பாத்துகள் நிறைந்துவிட்டன. றோசம்மா செபமாலை சொல்லிக்கொண்டே மிதித்தார். பத்துச் செபம் முடியும் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்து, அண்ணை வருகிறாரா என்று நின்று காத்திருந்தார். இராசலிங்கத்தார் மூச்சு வாங்க, சைக்கிளில் ஏதோ கோளாறு என்றார்.

வழியில், தன்னுடைய வசனங்களில் எது அவரை அதிகம் தூண்டியது என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஆசை வந்தது. கேட்டும் விட்டார்.

“வசனம் ஒண்டும் நான் வாசிக்கிறேல்லை அண்ணை,” என்றார் றோசம்மா. “படத்தைத்தான் பாக்கிறனான். இந்த வண்டியை வைச்சுக்கொண்டு இவரே மழைக்குள்ளை போறார், எனக்கென்ன குறை எண்டு நினைப்பன்.”

அவர் சொன்ன வண்டி சைக்கிள் அல்ல, வயிறு என்பது இராசலிங்கத்தாருக்குச் சற்றுத் தாமதமாகத்தான் விளங்கியது.

மருத்துவமனை வாசலில் காவலாளி லோமான் நின்றிருந்தார். இவரைக் கண்டதும் முகம் மலர்ந்து, திரு. இராசலிங்கம் இன்றைக்கு நிசமாகவே சைக்கிளில் வந்திருக்கிறாரே, அப்படியென்றால் போத்தல் தேவைப்படாது என்று ஜெர்மன் மொழியில் உரக்கச் சொன்னார். நல்ல மனிதர். எந்தக் கள்ளமும் இல்லாமல், கொட்டகையில் தினமும் நடக்கும் குளிப்பை றோசம்மாவுக்கும் விவரித்தார்.

றோசம்மா குனிந்து றப்பர் பாண்டுகளைச் சரிசெய்தார். இராசலிங்கத்தார் நிலத்தைப் பார்த்தபடி, நவம்பரிலிருந்தே பஸ்தான் என்று ஒப்புக்கொண்டார். சனத்துக்கு முன்னால் சொன்ன சொல்லை எப்படி விழுங்குவது என்று தெரியவில்லை என்றார்.

“நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்,” என்றார் றோசம்மா. “ஆனா சித்திரை வரைக்கும், நான் மணி அடிக்கேக்கை நீங்கள் கீழை நிக்கோணும். நிக்கேல்லை எண்டால் குழுவிலை போடுவன்.”

அன்றிலிருந்து இராசலிங்கத்தாருக்குக் காலை என்றால் அந்த மணிதான். கிறிஸ்மஸுக்கு முன் ஒருநாள் காய்ச்சல் என்று போர்வைக்குள் சுருண்டார். சுந்தரேஸ்வரி வெப்பமானியை அவருடைய வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, யன்னலைத் திறந்து, “றோசம்மா, இவர் வாறார்,” என்று கீழே குரல் கொடுத்தார். முழங்கால் நோகிறது என்றால் றோசம்மா கையோடு தைலம் கொண்டுவந்தார். தை மாதத்தில் இராசலிங்கத்தார் காரணம் தேடுவதை விட்டுவிட்டார். சப்பாத்துக்கு மேல் பொலித்தீன் பை கட்டவும் பழகினார். ஈரக் காற்சட்டைகள் வரவேற்பறை ஹீற்றரில் தொங்கித் தொங்கி வீடே சலவைக்கடை போல மணத்தது. சுந்தரேஸ்வரி அதைப் பற்றி மட்டும் முறைப்பாடு செய்யவில்லை.

பெப்ரவரியில் ஒரு காலை, பாதை கண்ணாடிபோல உறைந்திருந்ததை இருவருமே கவனிக்கவில்லை. பாலத்தடியில் றோசம்மாவின் சைக்கிள் சறுக்கியது. விழுந்தவர் எழும்பி இருந்துகொண்டு, வலது கையை மடியில் வைத்து அமைதியாகப் பார்த்தார். மணிக்கட்டு வளைந்திருந்தது. இராசலிங்கத்தார் தன் கழுத்துச் சால்வையால் கையைக் கட்டித் தூக்கிவிட்டு, இரண்டு சைக்கிள்களையும் இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு அவரை மெல்ல நடத்திக் கூட்டிப்போனார். அவசர சிகிச்சைப் பிரிவில் மாவுக்கட்டுப் போடும்வரை ஈர உடுப்போடு பக்கத்திலேயே இருந்தார். இந்தக் கைக்கு நானும் ஒரு காரணம்தான், என் படத்தைப் பார்த்திருக்காவிட்டால் நீங்கள் பாட்டுக்குப் பஸ்ஸில் போயிருப்பீர்கள் என்று சொல்லி வருந்தினார்.

“பஸ்ஸிலை போனா ஒருத்தரும் எனக்காகக் காத்துக்கொண்டு நிக்கமாட்டினம் அண்ணை,” என்றார் றோசம்மா. பிறகு, “நீங்கள் நிண்டனியள். முகத்தை நீட்டிக்கொண்டு எண்டாலும் நிண்டனியள்.”

அடுத்த நாள் காலை மணி அடிக்கவில்லை. மழையும் பனியும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. இராசலிங்கத்தார் வழக்கமான நேரத்தில் எழும்பி, பழக்கதோஷத்தில் எல்லாம் உடுத்துக்கொண்டு கீழே வந்து நின்றார். தெரு வெறுமையாக இருந்தது. எதிர்த் தரிப்பில் பஸ் வந்து நின்று கதவைத் திறந்தது. உள்ளே மஞ்சள் வெளிச்சம், வெறும் இருக்கைகள், வாசல்வரை வந்த சூடு. சாரதி இவரைப் பார்த்தார். இவர் சாரதியைப் பார்த்தார். பிறகு கையை ஆட்டி, போகச் சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

ஏன் போனீர்கள், யாரும் கேட்டிருக்கமாட்டார்களே என்று அன்று மாலை சுந்தரேஸ்வரி கேட்டார்.

“காலுக்குப் பை கட்டியாச்சு,” என்றார் இராசலிங்கத்தார். “திருப்பிக் கழட்ட அலுப்பாக் கிடந்தது.”

வேறு காரணம் இருந்ததா என்று அவர் ஆராயவில்லை. வேலை முடிந்து வரும்போது றோசம்மாவின் வீட்டுக்குப் போய், பாதை எப்படி இருந்தது, எங்கே உறைந்தது, முயல் வந்ததா என்று சொல்லிவிட்டு வருவது வழக்கமானது. அவர் இடதுகையால் தேநீர் ஊற்றிக் கொடுப்பார்.

மார்ச் கடைசியில் மாவுக்கட்டை வெட்டினார்கள். ஏப்ரல் முதல் கிழமை வெயில் எறித்தது. அன்று இருவரும் வேலைக்குப் போகப் பாதையில் ஏறினால், போக இடமில்லை. வசந்த்குமார் புதுச் சைக்கிளில், பளபளக்கும் காற்சட்டையோடு, குடும்பமாக வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சங்கத்தில் பாதிப்பேர். உங்களைப் பார்த்துத்தான் எல்லாரும் வெளிக்கிட்டோம் அண்ணை என்று கையசைத்துச் சொல்லி, நடுப்பாதையில் நின்று படம் எடுத்தார்கள்.

இராசலிங்கத்தார் புல்லில் இறங்கி அவர்களைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. கொஞ்சத் தூரம் போய் இருவரும் மறுபடி பாதையில் ஏறினார்கள்.

“வெயில் கண்டாப்போதும், வந்திடுவினம்,” என்று றோசம்மா முணுமுணுத்தார்.

“ஒரு நவம்பர் வரட்டும்,” என்றார் இராசலிங்கத்தார் மிகுந்த வெறுப்போடு. “பாப்பம், ஆர் நிக்கினம் எண்டு.”