நிறுத்தி வைத்த நரிக்குட்டி

நரிப் படம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான மறுநாள் காலை, அதில் வந்த தாய் நரி, அதில் செத்துப்போன தன் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் படியேறி வந்து கத்திரி வீட்டு வாசல் கால்மிதியில் உட்கார்ந்தது. லிஃப்ட் அன்றைக்கு வேலை செய்துகொண்டுதான் இருந்தது. நரி அதை நம்பவில்லை. பால் எடுக்கக் கதவைத் திறந்த கத்திரியின் மனைவி, "உங்களைப் பார்க்க யாரோ வந்திருக்காங்க" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு, பாலோடு அடுப்படிக்குப் போனாள்.

கத்திரி என்பது தொலைக்காட்சி நிலையத்தில் அவருக்கு வைத்த பட்டப்பெயர். மாதக்கணக்கில் கொசுக்கடியில் கிடந்து காட்டைப் படம் பிடிப்பவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் கொண்டுவந்து கொட்டுவதை வெட்டி ஒட்டி, வர்ணனை எழுதி, கதையாக்கிக் கொடுப்பது இவர் வேலை. மிருகங்கள் பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கும் என்பது இவருக்குத் தெரியும்; சும்மா இருப்பதை எவன் பார்ப்பான் என்பதும் தெரியும். அதனால் பெயர் வைப்பார். பெயர் இல்லாத மிருகத்துக்காக ஒருத்தரும் கண்ணீர் விடுவதில்லை. விளம்பர இடைவேளைக்கு முன்னால் ஒரு கழுகின் நிழலைத் தரையில் விழவிடுவார். இடைவேளை முடிந்ததும் கழுகு தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விடும். நரி பனியில் நடக்கிற சத்தத்துக்குச் சோளமாவுப் பையை மடியில் வைத்து அமுக்குவார். எலும்பு முறிய வேண்டுமென்றால் முட்டைக்கோஸ் தண்டு. செவ்வந்தி என்று அவர் பெயர் வைத்த தாய் நரி, உண்மையில் மூன்று காடுகளில் எடுத்த மூன்று நரிகள். அதில் காது கிழிந்த ஒன்று ஒரு காட்சியில் எதிர்த்திசையில் ஓடித் தொலைத்ததால், அதை மட்டும் இடவலமாகத் திருப்பிப் போட்டார். கிழிசல் இடது காதிலிருந்து வலது காதுக்குப் போனதை ஊரில் ஒரு ஆளும் கவனிக்கவில்லை.

குட்டிதான் விஷயம். நெற்றியில் வெள்ளையாக இருந்ததால் அதற்குப் பொட்டு என்று பெயர். படத்தின் கடைசிப் பகுதி தொய்வாக இருக்கிறது, யாராவது செத்தால் தேவலை என்றார் நிகழ்ச்சி மேலாளர். எடுத்து வந்த பதிவில் எந்தக் குட்டியும் சாகவில்லை. வெயிலில் தூங்கிக்கொண்டிருந்த பொட்டுவின் காட்சியை எடுத்து, வயிறு ஏறி இறங்குவது தெரியாதபடி நான்கு வினாடி அசையாமல் நிறுத்தி, அடியில் வயலினை ஓடவிட்டு, 'செவ்வந்தி காத்திருந்தாள். பொட்டு எழவில்லை' என்று எழுதினார் கத்திரி. சுத்தப் பொய் என்று சொல்லிவிட முடியாது. அந்த நான்கு வினாடிக்குள் பொட்டு எழவில்லைதான்.

ஊரே அழுதது. கத்திரியின் சின்ன மகளும் சோபாவில் குப்புறப் படுத்து அழுதாள். "அப்பா, நிஜமாவே செத்துப்போச்சா? தூங்குதோ என்னவோ?" என்று கேட்டாள். "செத்துப்போச்சும்மா. காட்டுல அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அவர் தண்ணீர் குடிக்கப் போனார்.

வீட்டுக்கு வந்த நரி, கூடத்து மூலையில் மகளின் பழைய துண்டின்மேல் குட்டியைக் கிடத்தியது. குட்டியின் உடம்பு சூடாக இருந்தது, மூச்சு மட்டும் இல்லை. கால்நடை மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டுவிட்டு, செத்தது என்றும் எழுதித்தர முடியாது, இருக்கிறது என்றும் எழுதித்தர முடியாது என்று சொல்லி, காபி குடித்துவிட்டுப் போனார். செவ்வந்திக்குக் காலையில் இடது காது கிழிந்திருக்கும், மதியம் வலது காது, மாலையில் இரண்டும் முழுசாக இருக்கும். தரையில் அது நடந்தால் சோளமாவுச் சத்தம் கேட்டது. கீழ்வீட்டுக்காரர் முதலில் சண்டைக்கு வந்தார்; பிறகு அந்தச் சத்தம் இல்லாவிட்டால் தூக்கம் வருவதில்லை என்றார். நரி யாரையும் கடிக்கவில்லை. கத்திரி எந்த அறைக்குப் போனாலும் வாசலில் வந்து நின்று அவர் முகத்தையே பார்த்தது. கடித்துத் தொலைத்தாலாவது தேவலை என்று அவருக்கு இருந்தது.

பொறுக்க முடியாமல் ஒருநாள் மகளைக் குட்டியின் பக்கத்தில் உட்காரவைத்து உண்மையைச் சொன்னார். கைப்பழக்கம் யாரை விட்டது? சரியான இடத்தில் குரல் தாழ்ந்தது, சரியான இடத்தில் நிறுத்தினார், ஜன்னலைப் பார்த்து ஒரு பெருமூச்சும் விட்டார். மகள் இரண்டாம் முறை அழுதாள், மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள், குட்டி அசையவில்லை. விஷயம் நிலையத்துக்குப் போனது. மேலாளர் துள்ளிக் குதித்து, அதையே ஒரு நிகழ்ச்சியாக்கினார். கத்திரியின் குற்ற உணர்ச்சிக்கு நரிப் படத்தைவிடக் கூட்டம் சேர்ந்தது, விருதும் வந்தது. ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். வருஷத்துக்கு வருஷம் அவர் மன்னிப்புக் கேட்கும் அழகு கூடிக்கொண்டே போனது. மேடையை விட்டு இறங்கும்போதெல்லாம், செத்ததாகச் சொன்ன குட்டியை இன்னொரு முறை விற்றுவிட்டோம் என்று மனசு அறுக்கும். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால், எதிரே செவ்வந்தி.

மகள் வளர்ந்து, பள்ளிப் படிப்பு முடியப்போகிற வருஷத்தில் சொன்னாள்: "அப்பா, நீங்க உண்மையைச் சொன்னாலும் கதை மாதிரியே இருக்கு. பேசாம கொஞ்ச நேரம் பொட்டு பக்கத்துல உக்காருங்களேன். நான் தினமும் உக்காருறேன்."

"உக்காந்து?"

"உக்காந்து ஒண்ணுமில்ல. அவ்வளவுதான்."

ஒரு விடுமுறை மதியம் உட்கார்ந்தார். குட்டி தூங்கிய அந்தப் பதிவை ஒருமுறைகூட முழுசாகப் பார்த்ததில்லை, வேகமாக ஓட்டித்தான் பார்த்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது. தூங்குவதைப் பார்க்கப் பொறுமையில்லாமல் ஒரு உயிரைச் சாகடித்திருக்கிறோம். கேட்ட பிள்ளையிடமும் செத்துப்போச்சு என்றே சாதித்திருக்கிறோம். வெட்கம் பிடுங்கித் தின்றது. விரல்கள் எதையோ அமுக்கத் தேடின. மனசுக்குள் வயலின் ஆரம்பித்தது, விரட்டினார். மறுபடி ஆரம்பித்தது, மறுபடி விரட்டினார். ஒரு ஈ வந்து குட்டியின் மூக்கில் உட்கார்ந்து, பறந்து போனது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. கத்திரிக்குக் கொட்டாவி வந்தது. சுவரில் சாய்ந்து, வாயைப் பிளந்துகொண்டு, எந்த நிலையமும் ஒளிபரப்ப விரும்பாத குறட்டையோடு தூங்கிப்போனார்.

முகவாயில் ஈரம் பட்டு விழித்தார். பொட்டு அவரை முகர்ந்துகொண்டிருந்தது. அதன் வயிறு ஏறி இறங்கியது. மகள் வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள்.

"எப்போ எழுந்துச்சு?"

"தெரியலப்பா. நானும் பார்க்கல."

அதன்பிறகு நரிகள் அங்கேயே இருந்துவிட்டன. மூன்று காட்டில் எந்தக் காட்டுக்குத் திரும்புவது என்று செவ்வந்திக்கும் தெரிந்திருக்காது. பொட்டு வளர்ந்து, லிஃப்டில் போய்வரப் பழகிக்கொண்டது. கத்திரி படங்கள் இப்போது கொஞ்சம் இழுக்கின்றன என்று நிலையத்தில் பேச்சு. மதியம் அவர் கண்ணயர்ந்தால் போதும், சோளமாவுச் சத்தம் கட்டிலை நோக்கி வரும். செவ்வந்தி பக்கத்தில் நின்று, அவர் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கும். பார்த்த பிறகுதான் போகும். "இந்த வீட்டுல யார் தூங்குறா, யார் செத்தான்னு அது நம்மளைக் கேக்குறதே இல்ல" என்பாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே. அந்தச் சோளமாவுச் சத்தம் கேட்டால் கத்திரி, தூக்கம் கலைந்திருந்தாலும் கண்ணைத் திறக்காமல், நரிக்கு நன்றாகத் தெரியும்படி மூச்சு விடுவார்.