மிளகு உரலில் இடித்த கல்

எங்கள் வீடு நிற்பதும் இடிவதும் சி பதினாலு என்ற ஒரு சின்னக் கட்டத்தில் இருந்தது. கம்ப்யூட்டர் கணக்குத்தாளில் தங்கத்தின் விலையைப் போடுகிற கட்டம் அது. எண்ணைக் கூட்டினால் தாளின் அடியில் லாபம் பச்சையாக வரும். குறைத்தால் சிவப்பாக வரும். பச்சை வந்தால் கேட்டவர்களுக்குக் கடன் போகும், கடன் போனால் புல்டோசர் வரும். ஊரில் எத்தனையோ பேர் இருக்க, அந்தக் கட்டத்தில் எண் போடும் வேலை என் தலையில் வந்து விழுந்தது.

என் பெயர் டீனா. தினமும் மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூர் போகிறேன். கம்பெனிகளுக்குக் கடன் கொடுக்கும் ஒரு ஃபைனான்ஸ் நிறுவனத்தில் வேலை. யாராவது கடன் கேட்டு வந்தால், கொடுத்த பணம் திரும்பி வருமா என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உப்பளம், சிமெண்ட், கோழிப்பண்ணை எல்லாம் பார்த்தாயிற்று. இந்தத் தடவை வந்த ஃபைலைத் திறந்தால் உள்ளே எங்கள் வீட்டுப் பின்புறம் இருந்தது.

கோலார் தங்கவயலைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். நூற்றுச் சொச்சம் வருடம் பூமிக்குள்ளிருந்து கல்லை எடுத்து, மாவாக அரைத்து, சயனைடு விட்டுத் தங்கத்தைப் பிரித்தார்கள். மிச்ச மண்ணை ஊரைச் சுற்றிக் கொட்டினார்கள். அது மலையாகிவிட்டது. சயனைடு மேடு என்போம். மாசி, பங்குனியில் காற்றடித்தால் அந்த மண் சோற்றில் விழும். இப்போது ஒரு கம்பெனி, ஸ்கெலட்டன் என்ற எங்கள் பேட்டைப் பக்கத்து மேட்டை மறுபடி அரைத்து மிச்சத் தங்கத்தை எடுக்கிறேன், நானூறு கோடி கொடுங்கள் என்று வந்திருந்தது. மேட்டின் அடிவாரத்தில் எண்பத்து நாலு லைன் வீடுகளைக் காலி செய்ய வேண்டும் என்று பின்னிணைப்பில் ஒரு பட்டியல். முப்பத்தொன்றாம் வீடு எங்களுடையது. பழைய சுரங்கக் கம்பெனி காலத்துக் குவார்ட்டர்ஸ். பட்டா கிடையாது.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஆபீஸ் ரகசியம் என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி பயம்.

பணத்தைப் பார்த்து எனக்கு எப்போதுமே ஒரு பிரமிப்பு உண்டு. கையில் எண்ணுகிற பணம் இல்லை, கண்ணில் படாத பணம். லண்டனில் எவனோ ஒருவன், இந்த ஊர் வெயிலில் ஒரு நாள்கூட நிற்காதவன், காலையில் டீ குடித்துக்கொண்டே பங்கு வாங்கினான். அவன் கையெழுத்துப் போட்டதால் வேலூர்ப் பக்கத்திலிருந்து என் பூட்டன் மூட்டை கட்டிக்கொண்டு நடந்து வந்தான். பேத்தமங்களாவிலிருந்து குழாயில் தண்ணீர் வந்தது. காவிரியிலிருந்து கம்பியில் கரண்ட் வந்தது. மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு, மனிதன் வெந்துபோகிற சூட்டுக்குள்ளே, பூமியில் ஓட்டை விழுந்தது. வெறும் காகிதம் செய்த வேலை! நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் புல்லரிக்கும். அதே காகிதம் இரண்டாயிரத்து ஒன்றில் போதும் என்றது. ஆட்களைக் கீழே இறக்குகிற கூண்டு நின்றது, சங்கு நின்றது, சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறியது.

அப்பா அப்போதுதான் வேலையிழந்தார். பர்னபாஸ் என்றால் ஷாஃப்டில் எல்லாருக்கும் தெரியும். சாம்பிளர் வேலை. சுரங்கத்தில் ஒவ்வொரு ஆழத்து லெவலிலும் பாறையைச் சீவி, சில்லுகளைத் துணிப்பையில் போட்டு, சீட்டு கட்டி மேலே அனுப்புவார். பையில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று பார்த்துத்தான் அந்த லெவலைத் தோண்டுவதா மூடுவதா என்று முடிவு செய்வார்கள். அந்த நாட்களின் நினைவாக எங்கள் பீரோ மேல் ஒரு வெள்ளைக்கல் இருந்தது. கைக்கு அடக்கமான கல், நடுவில் மஞ்சளாக ஒரு தங்கக் கோடு. எப்படி வெளியே வந்தது என்று நான் கேட்டதில்லை.

அப்பாவிடம் இன்னொன்றும் உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறு கோயிலில் திருவிருந்து அப்பம் வாங்கச் சபை முழுவதும் எழுந்து போய் மண்டியிடும்போது, அவர் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார். முழங்கால் வலி என்பார். அதே முழங்காலோடு பேத்தமங்களா வரை சைக்கிள் மிதித்து மீன் வாங்கி வருவார்.

மேட்டில் எவ்வளவு தங்கம் மிச்சமிருக்கிறது என்று பார்க்க ஜூலையில் ஆட்கள் வந்தார்கள். வரிசை வரிசையாகத் துளை போட்டுப் பை பையாக மண் எடுத்தார்கள். உள்ளூரில் விவரம் தெரிந்தவர் வேண்டும் என்று அப்பாவையே கூப்பிட்டுக்கொண்டார்கள். எழுபத்து மூன்று வயதில் மனிதர் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

"மறுபடியும் கம்பெனி வருது டீனாம்மா," என்றார். "நம்ம பசங்க ராவோட ராவா எழுந்து பெங்களூர் ஓட வேணாம், பாரு."

டிபன் டப்பாவை எடுத்து அவர் பையில் வைத்தேன்.

அந்த வாரம் ஒரு நாள் ரசத்தில் மண் கடித்தது. அம்மா மரியகுழந்தை கொதித்துப் போயிருந்தாள்.

"உங்கப்பாவுக்கு இன்னா ஆச்சின்னு கேளு. மெளகு இடிக்கிற இரும்பு உரல்ல கல்லைப் போட்டு இடிச்சிகினு இருக்கறாரு. மூணு வாட்டி கழுவிட்டேன், இன்னும் நறநறன்னுது."

வயதான மனிதர், ஏதாவது செய்துகொண்டிருப்பார் என்று விட்டுவிட்டேன். எத்தனை பெரிய முட்டாள் நான்!

செப்டம்பரில் லேப் ரிப்போர்ட் வந்தது. மேடு முழுக்க டன்னுக்கு முக்கால் கிராம், கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைய. ஒன்பதாம் வரிசையில் மட்டும் பன்னிரண்டு பைகளும் இரண்டு, இரண்டரை. எங்கள் வீட்டுக்கு நேர் பின்னால் இருக்கிற வரிசை.

என் மேலதிகாரி நாகேஷ் எட்டிப் பார்த்தார். "இந்த லைன் மட்டும் ஏன் இவ்ளோ ஜாஸ்தி?"

எனக்கு நாக்கில் அந்த ரசத்து மண் கடித்தது. இரும்பு உரல். அன்றிரவு வீட்டுக்கு வந்ததும் முதலில் பீரோ மேலே பார்த்தேன். வெள்ளைக்கல் இருந்த இடத்தில் வட்டமாகத் தூசு குறைந்த தடம் மட்டும் இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. தன் வீட்டை இடிப்பதற்குத் தானே கல்லை இடித்துப் பைகளில் கலந்திருக்கிறாரே! ஆனால் அந்தக் கோபத்துக்குள்ளேயே ஒரு சின்ன ஆசை துளிர்த்தது என்பதையும் மறைக்க மாட்டேன். பொய் வரிசையை நீக்குவது என் கடமை. நீக்கினால் சராசரி இறங்கும். இறங்கினால் சிவப்பு வரும். நான் ஒரு தப்பும் செய்யாமலே வீடு பிழைத்துவிடும்.

மறுநாள் ஒன்பதாம் வரிசையை நீக்கினேன். அடியில் பச்சை.

சி பதினாலில் இன்றைய விலையை எடுத்துவிட்டுப் போன வருட விலையைப் போட்டேன். பச்சை. அதற்கும் முந்தின வருடம். பச்சை, கொஞ்சம் வெளிறிய பச்சை. மண்வெட்டி பிடித்தவன் பொய் சொன்னாலும் உண்மை சொன்னாலும் அந்தத் தாளுக்கு ஒன்றுதான். எங்கோ யார் யாரோ பயந்துபோய்த் தங்கத்தை வாங்கிக் குவிக்கிறார்கள், பத்து கிராம் லட்சத்தைத் தாண்டி நிற்கிறது. அந்த விலைக்கு எங்கள் சோற்றில் விழுகிற தூசுகூடச் சரக்கு. பயமும் பிரமிப்பும் சேர்ந்து வந்தால் மூச்சு விடுவது மறந்துபோகும் என்று அன்றைக்குத் தெரிந்தது. எவ்வளவு பெரியது இது, நாங்கள் எவ்வளவு சின்னவர்கள்!

நாகேஷிடம் போய், முப்பத்தொன்றாம் நம்பர் என் வீடு, இந்த ஃபைலை நான் பார்த்திருக்கக் கூடாது, ஒன்பதாம் வரிசையை நம்ப வேண்டாம் என்று சொன்னேன்.

"ஹௌதா?" என்றார், அப்படியா என்று கன்னடத்தில். ஒன்பதாம் வரிசை இல்லாத தாளை மேலிருந்து கீழ் வரை தள்ளிப் பார்த்தார். "ஃபைலை வேறு ஆளுக்கு மாத்திடறேன். ஆனா யார் பார்த்தாலும் இதே நம்பர்தானே வரும், டீனா?"

அந்த ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறு. கோயிலுக்குக் கிளம்பும் முன் அப்பாவை மேட்டுப் பக்கம் அழைத்துப் போனேன்.

"அந்தக் கல்ல ஒம்பதாம் வரிசைப் பைங்கள்ல போட்டீங்களாப்பா?"

மறுக்கவில்லை. "ரீடிங் கம்மியா வந்தா போயிடுவாங்கம்மா. போனா திரும்பி வரமாட்டாங்க. எங்க ஆளுங்க அப்பவே செய்யறதுதான். லெவல மூடப் போறாங்கன்னு தெரிஞ்சா, பையில நல்ல சில்லு ரெண்டு சேத்துப் போடுவோம். ஆறு மாசம் வேலை ஓடும்."

"நீங்களும் போட்டீங்களா?"

"தொண்ணித்தேழுல." என்றார். "நான் போட்ட பைய நம்பி எரநூறு அடி சுரங்கம் வெட்டுனாங்க. எத்தினி லட்சமோ. ஒண்ணும் கெடைக்கல, வெறும் பாறை. நாலு வருசத்துல மைனே மூடிட்டாங்க. அத்தினி குடும்பம்... நான்தாம்மா மூடுனேன். அந்தக் கையால எப்பிடி அப்பம் வாங்குவேன்?"

இருபத்து நாலு வருட முழங்கால் வலி! அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இல்லப்பா. நான் பழைய கணக்கெல்லாம் பாத்துட்டேன். ஒரு கிராம் எடுக்க ஆன செலவு, அது விக்கிற வெலையப் போலப் பல மடங்கு. தெனம் நஷ்டம். நீங்க வெட்ட வெச்ச எரநூறு அடி அதுல ரெண்டு நாள் நஷ்டம்கூட இல்ல. நீங்க பைய நெரப்பியிருந்தாலும் மூடியிருப்பாங்க, காலியா அனுப்பியிருந்தாலும் மூடியிருப்பாங்க."

மனம் லேசாகும் என்று நினைத்தேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"அப்ப நாங்க ஒண்ணுமே இல்லியா?"

மறைத்து வைத்திருந்ததையும் அப்போதே சொல்லிவிட்டேன். கல் வீணாகப் போனது, அது இல்லாமலே கடன் போகும், எண்பத்து நாலு வீடு, முப்பத்தொன்றாம் நம்பர். எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அப்பா மேட்டையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நெஜமா எவ்ளோதான் இருக்குது அதுல?"

"டன்னுக்கு முக்கால் கிராம்."

"முக்கால் கிராமுக்கா வராங்கோ?"

"ஆமாப்பா."

"எங்க லெவல்ல மூணு கிராம் இருந்திச்சிம்மா," என்றார். "மூணு. அத மூடிட்டுப் போனாங்க."

கோயில் மணி அடித்தது. இரண்டு பேரும் கோயிலுக்கு நடந்தோம்.

திருவிருந்துக்கு முதல் பெஞ்சு எழுந்தது, இரண்டாவது எழுந்தது. எங்கள் பெஞ்சு எழுந்தபோது அப்பாவும் எழுந்தார். அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். அவர் நடந்து போய், கிராதியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு முழங்காலையும் மடித்து மண்டியிட்டார். உள்ளங்கைகளைச் சேர்த்து நீட்டினார். நகக்கண்ணில் வெள்ளையாகக் கல்மாவு ஏதும் மிச்சமிருக்கிறதா என்று நான் அசட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பாட்டு முடிந்ததும் என் காதருகே குனிந்தார்.

"அந்தக் கல்ல இடிச்சிருக்கக் கூடாதும்மா. வூடு மாறுறப்ப எடுத்துகினு போயிருக்கலாம்."