கொக்குப் படத்துக்கு நாகசுரம்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யார்மேல் கோபம் என்று கேட்காதீர்கள், போகப்போகத் தெரியும். முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: 'அரிமளத்து டென்ட் கொட்டகையில் அன்று மாலை இளங்காற்று...' சீ. ஏது இளங்காற்று? ஒரே புழுக்கம். [அடித்துவிட்டேன். அடித்தது தெரிந்தால் தெரியட்டும்.]

2

வருஷம் 1957. ஹைஸ்கூல் வாத்தியார் ரத்தினவேல், மெட்ராஸ் சிநேகிதரைப் பிடித்து ஒரு வெளிநாட்டுப் படத்தை வரவழைத்தார். அதில் மனுஷர் இல்லை, பேச்சு இல்லை. வரைந்த கொக்குகளும் பூசணிக்கொடிகளும் வெள்ளைக்காரர்களின் சாஸ்திரிய சங்கீதத்துக்கு ஆடும். கொட்டகைக்காரர் சிவசாமி ஒரு நாள் மட்டும் ஓட்டச் சம்மதித்தார்.

பெண்கள் பக்கத்து மணலில் வாத்தியாரின் மனைவி அமிர்தவல்லி உட்கார்ந்திருந்தாள். வயலின்கள் கூட்டமாக மேலே ஏறியபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. ஜனத்துக்குப் பொறுக்கவில்லை. பாட்டு எங்கே, சண்டை எங்கே என்று கத்தினார்கள். மிரண்டுபோன சிவசாமி படத்தின் சத்தத்தை அணைத்துவிட்டு, கைக்குக் கிடைத்த நாகசுர ரிக்கார்டைப் போட்டார். தினமும் ஆட்டம் தொடங்குமுன் ஊரைக் கூப்பிடப் போடும் ரிக்கார்டு அது. அடுத்த ஆட்டம் ஆரம்பம் என்று நினைத்துத் தெருவில் இருந்தவர்களெல்லாம் ஓடிவந்து, உள்ளே இருந்தவர்கள் மடியில் உட்கார்ந்தார்கள்.

திரையில் கொக்குகள் நாகசுரத்துக்கு ஆடின. அநியாயத்துக்குப் பொருந்தியது. அமிர்தவல்லியின் கை தன்னால் தொடையில் தாளம் போட்டது, கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக. ஆண்கள் பக்கம் ரத்தினவேல் எழுந்து நின்று, சங்கீதத்தைக் கொலை பண்ணுகிறார்களே என்று கூச்சல் போட்டார்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அவள் கல்யாணத்துக்கு முன் அருமையாகப் பாடுவாள். வாத்தியார் வீட்டுப் பொம்பளை பாடினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று நிறுத்தியவர் இதே ரத்தினவேல்தான். இந்த மனுஷரைக் கொஞ்சம் நல்லவராகக் காட்டலாமே என்று ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். எழுத எழுத எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிழித்துப்போட்டேன்.)

3

மறுநாள் ஊர் இரண்டுபட்டது. படத்தோடு வந்த சங்கீதமே உசத்தி என்று ஒரு கட்சி, நாகசுரம்தான் என்று இன்னொரு கட்சி. டீக்கடையில் கைகலப்பு வரைக்கும் போனது. சாயங்காலம் ரத்தினவேல் வீட்டில் சிநேகிதர்கள் கூடி, இந்த ஊருக்கு ரசனையே கிடையாது என்று முடிவுகட்டிக்கொண்டிருந்தார்கள். காபி கொண்டுவந்த அமிர்தவல்லி வாயை அடக்க முடியாமல் சொல்லிவிட்டாள்.

"கொக்கு வரைஞ்சவரு தாளம் தெரிஞ்சவருங்க. அதான் ரெண்டுக்கும் ஆடுது."

சிநேகிதர்கள் சிரித்தார்கள். "சங்கீதத்தப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்? உள்ள போ" என்றார் ரத்தினவேல். அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு திரும்பும்போது வாசலில் சொர்ணம் டீச்சர் நின்றார். பெண்கள் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை. நேற்றுக் கொட்டகையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்.

"அமிர்தம், பாட்டு டீச்சர் வேலைக்கு ஒன்னைய எடுக்கலாம்னு போன வாரமே சார்ட்ட கேட்டேன். ஒனக்கு எல்லாம் மறந்துபோச்சுன்னாரு. நேத்து ஒன் கையப் பாத்தேன். நீயே சொல்லு. வாரியா?"

போன வாரமே. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, சொல்லவும் இல்லை.

4

முடிவு ஒன்று: ரத்தினவேல் கண்கலங்கி மன்னிப்புக் கேட்கிறார். [யார் காதில் பூச்சுற்றுகிறேன்?]

முடிவு இரண்டு: மிச்சக் காபியை அவர் தலையில் கவிழ்க்கிறாள். நீங்கள் கைதட்டுவீர்கள். தட்டிவிட்டு எழுந்து போய்விடுவீர்கள். அப்புறமும் அந்த வீட்டில் இருக்கப்போவது அவள்தானே?

முடிவு மூன்று: 'அமிர்தவல்லி நிமிர்ந்து, உறுதியான குரலில்...'

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன். அவளுடைய பதிலை ஒருத்தர் ஏற்கெனவே சொல்லி முடித்துவிட்டார். இரண்டாவது ஆளாக நான் சொல்ல வேண்டுமா? மூன்றாவதாக நீங்களா?

ரத்தினவேல் "அவ எதுக்குங்க டீச்சர்..." என்று ஆரம்பிக்கிறார். மீதி வசனத்தை வெட்டிவிட்டேன். இந்தக் கதையில் அவர் இனிமேல் பேசமாட்டார்.

அமிர்தவல்லி டம்ளர்களைக் கீழே வைக்கிறாள். தொண்டையைச் செருமிக்கொள்கிறாள்.

கொஞ்சம் சும்மா இருங்கள்.