முந்தி விழுந்த அடி

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. இணையவழியில் இசை கற்றுத்தரும் ஒரு நிறுவனம், டிரம்ஸை வீட்டிலிருந்தே கற்பதன் நன்மைகள் பற்றி என்னிடம் கட்டுரை கேட்டது. எழுத உட்கார்ந்தேன். முதல் நன்மை: வீட்டைப் பூட்டிக்கொண்டு வகுப்புக்கு ஓட வேண்டாம். இரண்டாவது: புரியாத இடத்தில் வாத்தியாரை நிறுத்தி, பின்னால் இழுத்து, மறுபடி அடிக்கவைக்கலாம், நேரில் எந்த வாத்தியாரும் இதற்கு இணங்கமாட்டார். மூன்றாவது: உங்கள் தப்பை யாரும் பார்க்கமாட்டார்கள்.

மூன்றாவதில் கை நின்றுவிட்டது. அந்த வாக்கியத்துக்குள் ஒரு பெண் ஏற்கெனவே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். [கட்டுரை இன்னும் போகவில்லை. கேட்டால் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லுங்கள்.]

2.

தொடக்கம், முதல் முயற்சி: "தாளம் என்பது இதயத்தின் —"

வேண்டாம். எல்லோரும் இதயத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

இரண்டாம் முயற்சி: அவள் பல்செட் செய்கிறவள். ஐம்பது வயது எட்டிப் பார்க்கிறது. வேலை செய்யும் இடத்தில் எல்லோருக்கும் அவள் பல்லக்கா. நாள் முழுக்க மெழுகில் பற்களை ஒவ்வொன்றாகப் பதித்து, மேல்வரிசையும் கீழ்வரிசையும் சரியாகச் சேருகின்றனவா என்று பார்ப்பாள். மாலையில் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்துவாள். ஒரு ரப்பர் பலகை, இரண்டு குச்சி, அலமாரியில் சாய்த்துவைத்த போன். சத்தம் பக்கத்து வீட்டுக்குப் போகாது.

ஏன் டிரம்ஸ் என்று கேட்பீர்கள். அவள் தம்பி கிடார் வாசிப்பவன். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவனும் நண்பர்களும் ஓர் அறையில் கூடி வாசிப்பார்கள். இவள் டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வெளியே வந்து கதவை மெல்லச் சாத்துவாள். ஒரே ஒரு பாட்டு முழுக்க அந்தக் கதவுக்கு உள்பக்கம் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கே இப்போதுதான் தெரியும்.

3.

வாத்தியார் வேறு ஊர் இளைஞர்; வாரா வாரம் போனில் நேரலையாக வகுப்பெடுப்பார். அவளுக்கு மகன் இருந்தால் அந்த வயதுதான் இருக்கும். ஆனாலும் இவளுக்கு அவர் மாஸ்டர், அவருக்கு இவள் மேடம். மற்ற மாணவர்கள் தனியாக அடித்துக் காட்டுவார்கள். இவள்தான், "நீங்களும் கூடவே வாசிங்க மாஸ்டர், தனியா அடிச்சா என்னமோ மாதிரி இருக்கு" என்று கேட்டுக்கொண்டாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"மேடம், லேட்டா விழுது."

சற்று முன்னால் அடித்தாள்.

"இன்னும் கொஞ்சம் லேட்டு."

இன்னும் முன்னால்.

"ஆங், இப்ப சூப்பர்!"

இரண்டு வருடம் இப்படியே போனது. லேட்டானது அவள் கை இல்லை, இணையம். அது அவளுக்கும் தோன்றவில்லை, கற்றுக்கொடுக்கப் புதிதாக வந்திருந்த அவருக்கும் தோன்றவில்லை. அவர் காதில் சரியாக விழ வேண்டும் என்று, தாளம் தன் காதில் விழும் முன்பே அடிக்கப் பழகிவிட்டாள். [இது எனக்குத் தோன்றியபோது பழம் நழுவிப் பாலில் விழுந்ததுபோல் இருந்தது. அவளைப் பற்றி ஒரு நொடிகூட நினைக்கவில்லை.]

4.

தம்பியின் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவருக்கு மணிக்கட்டு முறிந்தது. சனிக்கிழமை அவன் அலுவலக விழாவில் கச்சேரி. "நான் வாசிக்கட்டுமாடா?" என்று கேட்டாள். தம்பி அவளை ஏற இறங்கப் பார்த்தான். "உனக்கு வாசிக்கத் தெரியுமாக்கா?" அவன் முகத்தில் வந்த அந்தச் சிரிப்புக்காக இரண்டு வருடம் என்ன, இன்னொரு இரண்டு வருடமும் ரப்பரைத் தட்டியிருப்பாள்.

ஒத்திகை கீபோர்டுகாரர் வீட்டு மாடியில் நடந்தது. தம்பியே எண்ணிக் கொடுத்தான். பாட்டு ஆரம்பித்து நாலு வரி தாண்டவில்லை.

"அக்கா, கொஞ்சம் முந்துற."

"சரிடா."

மறுபடியும் அதே கதை. பாடுகிறவர் வாயைத் திறந்து, பாடாமல் மூடினார்.

"எங்க வாசிப்பைக் கேட்டு அடிங்கக்கா," என்றார் கீபோர்டுகாரர், வெகு மரியாதையாக.

"கேட்டுத்தானே அடிக்கிறேன்."

"கேக்குறதுக்கு முன்னாடியே அடிச்சிடுறீங்களே!"

பாடுகிறவர் சிரிப்பை இருமலாக மாற்றப் பார்த்தார்; முடியவில்லை. அவள் வாயிலிருந்து, யோசிக்கும் முன்பே, அது வந்துவிட்டது: "இங்க நெட் ஸ்லோவா?"

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். "நெட்டா?" என்றான் தம்பி. "இங்க ஏதுக்கா நெட்டு?"

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. காது மடலெல்லாம் எரிந்தது. தம்பி தலையைக் குனிந்து, சுருதி சேர்ந்தே இருந்த கிடாருக்குச் சுருதி சேர்த்தான். அவள் வெட்கப்பட்டாள்; இவள் தன் அக்காவாக இருப்பதற்கு அவன் வெட்கப்பட்டதைப் பார்த்து இன்னும் வெட்கப்பட்டாள்.

[அவள் கூனிக்குறுகினால்தான் என் கதை நிமிர்கிறது. இதுவும் ஒரு பிழைப்பு.]

5.

முடிவு ஒன்று. தம்பிக்குப் போன் செய்கிறாள். "கை வலிக்குதுடா. வேற ஆளைப் பாரு." அவன் மூச்சுவிடும் நேரம்கூட யோசிக்காமல், "சரிக்கா," என்கிறான். இதை எழுதிவிட்டு எழுந்து போய்க் காப்பி குடித்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்பி வந்து படித்தபோது கூசியது.

முடிவு இரண்டு. சனிக்கிழமை அவள் வெளுத்து வாங்குகிறாள், அரங்கமே எழுந்து —

நிறுவனத்துக்கு இது பிடிக்கும். இரண்டு வருடப் பழக்கம் இரண்டு நாளில் போகுமா? நீங்களும் நம்பமாட்டீர்கள்.

6.

போனை மறுபடி அவள் கையில் கொடுத்தேன். "கை வலிக்குதுடா," என்றாள்.

தம்பி இந்த முறை "சரிக்கா" என்று சொல்லவில்லை. "உனக்குக் கை வலிக்கலக்கா. வெக்கமா இருக்கு. எனக்கும்தான் அன்னிக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு, மறைக்கல. இருந்தாலும் வா."

"எல்லார் முன்னாடியும் முந்திடுவேன்டா."

"முந்து. வா."

இப்போது அவள் மேடையில் இருக்கிறாள். முக்காலியின் உயரம் சரியில்லை, மாற்றிக்கொள்ளவும் கூச்சம். மூன்று பேரும் அவள் பக்கம் திரும்பி நிற்கிறார்கள். "எண்ணிக் கொடுக்கா," என்கிறான் தம்பி. மேடையில் டிரம்ஸ் வாசிப்பவர் நாலு வரை எண்ணினால்தான் பாட்டு ஆரம்பிக்கும். இரண்டு வருடமும் மாஸ்டர்தான் எண்ணினார். இவள் ஒருநாளும் எண்ணியதில்லை. குச்சிகளைத் தூக்கிவிட்டாள்.

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அவளைத் தடுக்கி விழவைத்துவிடுவேன். என் புத்தி எனக்குத் தெரியும். நான் எழுந்து போகிறேன். நீங்கள் தயவுசெய்து இருங்கள். இத்தனை நாள் ஆளில்லாத அறையில் வாசித்தவள். முந்தினாலும் பிந்தினாலும், பாட்டு முடியும்வரை எதிரே ஒருத்தராவது உட்கார்ந்திருக்கட்டும்.