இன்றைக்குக் கல் இல்லை

...வரட்டும், ஐம்பது பேர் வந்தால் போதும், சீச்சீ, ஐம்பது எந்த மூலைக்கு, ஒரு காலத்தில் கவுண்ட்டவுன் ஓடத் தொடங்குவதற்கு முன்னாலேயே ஐயாயிரம் பேர் வந்து வாசலை அடைத்துக்கொண்ட சேனல் இது, கொஞ்சம் பெரிதாகத்தான் ஆசைப்படுவோமே, காசா பணமா என்று அவள் நாற்காலியில் காலைத் தூக்கி மடித்து வைத்துக்கொண்டாள். இறக்கினாள். மறுபடி மடித்தாள். பத்து மணிக்கு வீடியோ வெளியாகும், பக்கத்திலேயே அரட்டைப் பெட்டி திறந்திருக்கும், யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம், இப்போதைக்குப் பேச யாருமில்லை, ஒரே ஒரு ஆள் கைகூப்பும் படம் போட்டுவிட்டுப் போயிருக்கிறான், வழி தவறி வந்திருப்பானோ? இருக்கட்டும், அவனும் ஒரு தலைதானே. தம்பி இருந்தால் சிரிப்பான், ஆனால் அவன் எங்கே இருக்கிறான், கைப்பேசியை வாசலிலேயே பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு உள்ளே போக வேண்டிய அலுவலகத்தில், காதில் ஹெட்போனோடு யார் யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பான். மத்தியானச் சாப்பாட்டுக்கு விடும்போதுதான் அவனுக்குத் தெரியும். போன வாரம் தெளிவாகச் சொல்லிவிட்டான், "ஆயிரம் பேர் வந்தா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பண்ணலாம்க்கா. இல்லன்னா ரூமைக் காலி பண்ணிடுவோம், சரியா?" சரி என்று இவளும் தலையாட்டினாள், வேறென்ன செய்வாள், ஏழு மாத வயிற்றோடு அவன் மனைவி பக்கத்தில் நிற்கிறாள், வரப்போகிற உயிருக்கு ஒரு அறை வேண்டாமா?

ஆனால் வருவார்கள், பாரேன், இன்றைக்குக் கட்டாயம் வருவார்கள், ஏனென்றால் இன்றைக்குக் கல் இல்லை. கல் வைக்கிற வித்தையே தற்செயலாக வந்ததுதான். சேனல் ஆரம்பித்த புதிதில், இதே அறையில், ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டி, தம்பி முன்னால் உட்கார்ந்து பேச, கேமராவுக்குப் பின்னால் இவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, அந்தப் பழைய விண்கப்பல் தொடரைப் பற்றி முதல் வீடியோ போட்டார்கள். கப்பல் இறங்குகிற கோளுக்கு இரண்டு நிலா என்று அவன் உளறிவிட்டான், மூன்று நிலா! அவ்வளவுதான், எங்கிருந்துதான் கிளம்பினார்களோ, மூன்று நிலா, மூன்று நிலா என்று விடிய விடியத் திருத்தினார்கள், திருத்தியவனை இன்னொருவன் திருத்தினான், மூன்றாவது நிலா நிலாவே இல்லை அது உடைந்த கோள் என்று ஒருவன் கட்டுரையே எழுதினான், வீடியோ தீயாய்ப் பரவியது. தம்பி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான், இவளுக்கோ தலைகால் புரியவில்லை. அடே, சோற்றில் கல் கடிபட்டால் மனுஷன் சும்மா விழுங்குவானா, எடுத்து நாலு பேருக்குக் காட்டிவிட்டுத்தானே போடுவான், இனி ஒவ்வொரு வீடியோவிலும் ஒரு கல் போடுவோம்டா! ஒன்றே ஒன்று, பொடிக் கல், உண்மையாக நேசிக்கிறவன் பல்லுக்கு மட்டும் தட்டுப்படுகிற மாதிரி. கல் பொறுக்கிப் போடுவது இவள் வேலை. அதைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது, தப்பு அசட்டுத்தனமாக இருந்தால் பார்க்கிறவன் எரிச்சலாகிப் போய்விடுவான், ரொம்ப நுணுக்கமாக இருந்தால் யாருக்கும் படாது, எத்தனை வரைபடம், எத்தனை பழைய காமிக்ஸ் புத்தகம், எத்தனை சண்டை... தம்பிக்கு 'மாலுமி' என்று பெயர் வைத்தார்கள், முகமே தெரியாத இவளுக்கு 'சிரிப்பக்கா'. பேருந்தில் இவள் சிரித்ததைக் கேட்டு முன் இருக்கைப் பையன்கள் திரும்பிப் பார்த்து "நீங்க அவங்கதானே?" என்றார்களே, அன்றைக்குக் கால் தரையில் பட்டதா?

அப்புறம் அந்த நிறுவனம் வந்தது, வழவழவென்று பேசுகிற ஒரு மேலாளரை அனுப்பியது, கண்ணாடிச் சுவர் ஸ்டூடியோ, ஒப்பனைக்காரர், பேசுவதற்குப் புதிதாக நாலு பேர். ஒரு கல்லுக்கே இவ்வளவு கூட்டமா, அப்படியானால் வீடியோவுக்குப் பத்து வையுங்கள் என்றார் மேலாளர். சோற்றில் கல் என்பது போய்க் கல்லில் சோறு என்றாயிற்று. வேண்டாமென்று இவள் சொன்னாளே, சொல்லாமலா இருந்தாள், ஆனால் சத்தமாகச் சொன்னாளா? ஒரு நாள் யாரோ ஒருவன் எழுதினான், இவங்க வேணும்னேதான் தப்பா சொல்றாங்க, அதுக்கு 'கல்லு'ன்னு பேரே வெச்சிருக்காங்களாம், நம்மை வெச்சு விளையாடறாங்க, இனிமே யாரும் திருத்தாதீங்க என்று. தூண்டில் என்று தெரிந்தபின் மீன் எதற்கு வாயைத் திறக்கும்? அதற்குப்பின் நிஜமாகவே தப்பு செய்தாலும் ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. மேலாளர் வேறு சேனலுக்குப் போனார், நாலு பேரும் ஆளுக்கொரு சேனல் ஆரம்பித்தார்கள், கேமராக்காரர் கல்யாண வீடுகளுக்குப் போய்விட்டார், தம்பி அலுவலகத்துக்கு. திட்டுவார்கள் என்றுதான் இவள் பயந்திருந்தாள், திட்டக்கூட ஆளில்லாத அந்த அமைதி இருக்கிறதே, அப்பப்பா, அது எதிரிக்கும் வர வேண்டாம்.

"அக்கா, கொஞ்சம் காலை எடுங்க," என்று தம்பி மனைவி அளவு நாடாவோடு வந்து நின்றாள். சுவரிலிருந்து ஜன்னல் வரைக்கும் தொட்டிலுக்கு அளக்கிறாள். நாத்தனார் என்றால் நாலு குத்தல் பேச வேண்டுமாம், பேசலாம் என்று பார்த்தால் அந்தப் பெண் முந்திக்கொண்டு சிரித்துவிடுகிறாள். "சும்மாதான் அளக்கறேன், நீங்க ஜெயிச்சுட்டா தொட்டில் எங்க ரூம்லயே இருந்துட்டுப் போகட்டும். எத்தனை பேரு?" "பதினேழு." "பதினெட்டுன்னு சொல்லுங்க, உள்ள இருக்கறதையும் சேர்த்து." போய்விட்டாள். நல்ல பெண், ஆனால் நாடாவை ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் பார், திரும்பி வருவாள்.

ஓட ஆரம்பித்துவிட்டது! முதல் வரியே தம்பிதான், அதே பழைய குரல், "வணக்கம் கப்பல்வாசிகளே, இன்னைக்கு நம்ம வீடியோவில ஒரு தப்புகூட இல்ல. முடிஞ்சா கண்டுபிடிங்க." இவள் யோசனைதான். துருப்பிடிச்சானைப் பற்றிய வீடியோ, அந்த விண்கப்பலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்து கடைசியில் எல்லோரையும் காப்பாற்றுகிற இயந்திர மனிதன், அவன் கதை முழுவதும், ஒரு பிசகு இல்லாமல். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்கிறாள், ஒவ்வொரு பெயரும், ஒவ்வொரு ஆண்டும், கப்பலின் படிக்கட்டு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது வரைக்கும். நாற்பது பேர். எண்பது. அட, 'மூக்குக்கண்ணாடி' வந்திருக்கிறான், காலேஜ் படித்துக்கொண்டிருந்தவன், "இப்ப ரெண்டு பிள்ளைக்கு அப்பா அக்கா" என்கிறான்! 'சுக்கிரன்வாசி' வந்துவிட்டாள், வந்ததும் வராததுமாக "தப்பே இல்லையா, யாருகிட்ட கதை விடறீங்க" என்று சண்டை. முந்நூறு. ஒருவன் இன்னொருவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான், "டேய் சீக்கிரம் வா, கல்லு வேட்டை!" கப்பலின் எடை தப்பு என்கிறான் ஒருவன், இல்லை சரிதான், அது எரிபொருளோடு சேர்த்த எடை என்று மூன்று பேர் அவன் மேல் பாய்கிறார்கள், பாயட்டும், பாயட்டும்! கேப்டனின் பூனை கறுப்பா சாம்பலா என்று ஒரு தனிப் போர். எழுநூறு. இவள் எழுந்து நின்றே விட்டாள், உட்கார முடியவில்லை, நெஞ்சு தடதடக்கிறது, எத்தனை வருஷம் ஆயிற்று இந்தத் தடதடப்புக்கு, தேடுங்கடா என் செல்லங்களா, சல்லடை போட்டுச் சலியுங்கள், ஒன்றும் கிடைக்காது!

முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது 'சந்தேகப்பிராணி' எழுதினான். "சிரிப்பக்கா, மாட்டிக்கிட்டீங்க! துருப்பிடிச்சானுக்குப் போனது இடது கை. மாலுமி வலது கைன்னு சொல்றார். அவர் பின்னாடி ஷெல்ஃப்ல நிக்கிற பொம்மையைப் பாருங்க, அதுக்கே இடது கை இல்ல!" பொய், இருக்கவே முடியாது, இவள் பின்னால் ஓட்டிப் பார்த்தாள், "...அந்த வெடிப்புல அவனோட வலது கை போயிடுது..." ஐயோ, வலதுதான் சொல்கிறான், தெள்ளத் தெளிவாகச் சொல்கிறான்! அரட்டைப் பெட்டி பொங்கி வழிந்தது. "அடேங்கப்பா, இதுதான் கல்லு!" "பொம்மையையே சாட்சிக்கு நிறுத்திட்டு வெச்சிருக்காங்க பாரு!" "பழைய சிரிப்பக்கா திரும்பி வந்துட்டாங்க!" ஆயிரம் தாண்டிவிட்டது. ஆயிரத்து நூறு. "ஆயிரம்!" என்று கத்தினாள், பக்கத்து அறையிலிருந்து தம்பி மனைவியும் பதிலுக்குக் கத்தினாள், இவள் சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு குதி குதித்தாள். அதற்குப் பிறகுதான், இரு இரு, நான் வைக்கவில்லையே... எழுதிக் கொடுத்ததில் 'இடது' என்றுதான் எழுதினாள். வெட்டி ஒட்டும்போது எத்தனை முறை கேட்டிருப்பாள், காதில் விழவே இல்லையே! எப்படி விழும், அந்த ஒன்றை மட்டும் சரிபார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை, கூடப் பிறந்தவன் பெயரை யாராவது சரிபார்ப்பார்களா? இரண்டாம் வகுப்பில் அப்பா அந்தப் பொம்மையை வாங்கி வந்த அன்றே இடது கையை முறுக்கிப் பிய்த்து எறிந்தவன் அவன், புதுப் பொம்மையை ஏண்டா உடைச்சே என்று அப்பா வெளுத்து வாங்க, அடியின் நடுவிலும் விம்மி விம்மி, "டீவியில அப்படித்தான்பா இருக்கு, அதான் சரி" என்று சாதித்தவன். அவனா மறப்பான்?

அப்படியென்றால் வேண்டுமென்றே சொன்னான். இவளுக்குத் தெரியாமல் ஒரு கல்லைப் போட்டிருக்கிறான், ஆயிரம் பேர் வர வேண்டும் என்று அவனுக்கும் இருந்திருக்கிறது, திருட்டுப் பயல்! நினைக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. ஆனால் படம்பிடித்த அன்றைக்கு அவன் இருந்த இருப்பு... அலுவலகத்திலிருந்து வந்து சட்டைகூட மாற்றவில்லை, அதன் மேலேயே வீடியோவுக்கான மாலுமிக் கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான், எழுதியதைப் பார்க்காமலே "இதெல்லாம் எனக்கு மனப்பாடம்க்கா, சீக்கிரம் முடிச்சிடலாம்" என்றான். அந்த வரியைச் சொல்லி முடித்துக் கண்ணைக் கசக்கினான். சிரிப்பை மறைத்தானா, தூக்கத்தை விரட்டினானா? நடுவில் ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தான். மறந்தே போயிருந்தால்? அடி வாங்கியும் விடாத கையை இப்போது தானாகவே விட்டுவிட்டானென்றால், ஆயிரம் பேர் வந்து என்ன, பத்தாயிரம் பேர் வந்துதான் என்ன?

மத்தியானம் கைப்பேசி அடித்தது, அவனுக்குச் சாப்பாட்டு இடைவேளை. "என்னக்கா, எத்தனை பேரு?" "ஆயிரத்து இருநூறுடா!" அவன் போட்ட கூச்சலில் அலுவலகமே திரும்பிப் பார்த்திருக்கும், இவளும் சிரித்தாள், அவனும் சிரித்தான், அடுத்த ஞாயிறு என்ன பண்ணலாம் என்றுகூட ஆரம்பித்தான், ஆரம்பித்தான்தானே, காதால் கேட்டாளே. அதோடு விட்டிருக்கலாம். ஆயிரம் தலையை எண்ணி எண்ணிக் குதித்தவளுக்கு, தான் காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தது இந்த ஒரே ஒரு தலைக்குத்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. நாக்கு நுனியில் வந்து நின்றதை விழுங்க முடியவில்லை. "டேய், துருப்பிடிச்சானுக்கு எந்தக் கைடா போச்சு?" என்று கேட்டுவிட்டாள். அவனுக்குப் பின்னால் தட்டுகள் மோதும் சத்தம், யாரோ அவனை என்னவோ கேட்கிறார்கள். "ஒரு நிமிஷம்," என்றான், அவர்களிடம் சொன்னானா, இவளிடமா என்று தெரியவில்லை. இவள் கைப்பேசியைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள்.