லோஞ்சுக்காரரின் குரல்

படலையைத் திறக்கும்போதே அவர் "மனோ" என்று கூப்பிட்டார். அவ்வளவுதான். முற்றத்தில் சிப்பி அடுக்கிக்கொண்டிருந்த மகள் மனோ இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடி, அரிசிப் பானைக்குப் பின்னால் சுருண்டுவிட்டாள். சேட்டுப் பையிலிருந்து எடுத்த தோடம்பழத்தோடு என் கணவர் தியாகலிங்கம் முற்றத்தில் நின்றார். பிள்ளை ஆஸ்பத்திரியால் வந்த நாள் முதல் தினமும் இதே கதைதான். எண்ணெய்க் கறை படிந்த கையில் பழம் அப்படியே இருந்தது.

அறுபத்தெட்டாம் ஆண்டு ஆவணியில், விடியப்புறம் பனம்பழம் பொறுக்கப் போனவள் அவள். ஏழு வயது. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையைச் சொல்லிச் சிரிக்கிற நயினாதீவுச் சனம், என் பிள்ளை நிற்க அவள் தலையில் விழுந்ததற்கு வாய் திறக்கவில்லை. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கண் விழிக்காமல் கிடந்தாள். ஒரு மாதம் கழித்து, தானே நடந்து வீட்டுக்கு வந்தாள். தையல் போட்ட இடத்தில் மயிரும் முளைத்துவிட்டது. பிள்ளைக்குச் சுகம் என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

டொக்டர் அப்படிச் சொல்லவில்லை. "வெளிக்காயம் ஆறியிட்டுது அம்மா. உள்ளுக்கை மூளை அடிபட்டிருக்கு. அது ஆறக் கனகாலம் எடுக்கும். கெதியாக் களைப்பாள், கோவிப்பாள், சத்தம் தாங்கமாட்டாள். அது பிள்ளையின்ரை குணமில்லை, காயம். அடியாதேங்கோ." இவரும் பக்கத்தில் நின்று தலையாட்டினார். ஒரு சொல்லும் காதில் விழுந்திருக்காது.

பதினெட்டு வருடமாக நயினாதீவுக்கும் அக்கரைக் குறிகட்டுவானுக்கும் இடையில் சனத்தை ஏற்றிக் கடலில் லோஞ்சு ஓட்டுகிறவர். காலடியில் எஞ்சின். காது எப்போது போனது என்று அவருக்கே தெரியாது. அக்கரையில் நிற்பவனுக்குச் சொல்வதுபோலத்தான் எல்லோரோடும் கதைப்பார். தியாகலிங்கத்தார் இரகசியம் சொன்னால் புங்குடுதீவில் கேட்கும் என்று முதுகுக்குப் பின்னால் பகிடி பண்ணுவார்கள். முகத்துக்கு நேரே சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை, எனக்கும்தான். எஞ்சினுக்கு என்ன நோவென்று காதாலேயே கண்டுபிடிக்கிறவர் என்று பெயர் எடுத்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? தலையில் அடிபடுவதற்கு முதல் அவருடைய அந்தக் குரல் கேட்டால் மகள் துறைமுகம் வரை ஓடுவாள்.

அன்று அவர் தோடம்பழத்தை வாசற்படியில் வைத்தார். "பிள்ளைக்கு என்னைப் பிடிக்கேல்லை. இனி நான் லோஞ்சிலையே படுக்கிறன். சாப்பாட்டை அங்கை அனுப்பும்."

மெல்லச் சொன்னதாகத்தான் அவர் நினைத்தார். குசினிக்குள் பிள்ளை அனுங்கினாள்.

"அதில்லையப்பா" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. உரத்துச் சொன்னால் உள்ளே இருப்பவள் துடிப்பாள். பக்கத்து வீட்டுப் பரிமளம் அக்காவைப் பிள்ளையோடு இருக்கச் சொல்லிவிட்டு, அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். அங்கே வைத்துத்தான் கத்தினேன்.

"நீங்கள் கத்துறீங்கள்."

"ஆர்?"

"நீங்கள்தான். உங்களுக்குக் காது கேக்கிறேல்லை. பிள்ளைக்கு உங்களிலை கோவமில்லை. சத்தம்தான் அவளுக்குத் தலைக்குள்ளை அடிக்குது."

வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். புருசனைப் பார்த்து நடுக் கடற்கரையில் கத்தினவள் என்று நான் சாகும்வரை சொல்வார்கள். சொல்லட்டும்.

அவர் என் பக்கம் திரும்பினார். "காது கேக்கிறேல்லை எண்டு உமக்கு எப்ப தெரியும்?"

"மனோ பிறக்க முதலே."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொன்னனான். உங்களுக்குக் கேக்கேல்லை."

பொய்தான். ஆனால் அவர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு அடங்கி, "மெல்லக் கதைச்சால் எனக்கே கேளாதே. சத்தம் வருதோ, கூடிப்போச்சோ எண்டு எனக்கு என்னெண்டு தெரியும்?" என்றார். அன்றிரவு அவர் லோஞ்சில்தான் படுத்தார்.

மறுநாள் பின்னேரம் படலை சத்தமில்லாமல் திறந்தது. கிணற்றடியில் கைகால் கழுவிக்கொண்டு வந்து குசினி வாசலில் நிலத்தில் இருந்தார். அவரைக் கண்டதும் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு பானைக்குப் பின்னால் போய்விட்டாள். கண்ணை மூடினார். வலது உள்ளங்கையைத் தன் தொண்டையில் வைத்தார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. எஞ்சினில் பிழை வந்தாலும் இப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு இரும்பின் மேல் கையை வைத்து அதிர்வைப் பார்ப்பார். பெயர் காதுக்குப் போனது, இத்தனை வருடமாக வேலை செய்தது கைதான்.

உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றார், வெறும் மூச்சு வந்தது. மூன்றாம் முறை "மனோ" என்றார். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவரிடம் அப்படி ஒரு மெல்லிய குரலை நான் கேட்டதில்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பானைக்குப் பின்னால் ஒரு கை காதிலிருந்து இறங்கியது.

"இண்டைக்குக் கடலிலை ஒரு ஆமை கண்டனான். லோஞ்சுக்குப் பக்கத்திலையே கனதூரம் நீந்தி வந்தது." கையை எடுக்காமல், ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுப் பார்த்துச் சொல்லிக்கொண்டு போனார். அவள் தவழ்ந்து வந்து அவருக்கு முன்னால் நின்றதை அவர் காணவில்லை. அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டுத் தன் கையை அந்த இடத்தில் வைத்தாள். அவர் கண் திறக்கவில்லை. ஆமைக் கதையையும் நிறுத்தவில்லை.

"ஆமை இப்ப எங்கை அப்பா?" என்று கேட்டாள்.

அது அவருக்குக் கேட்கவில்லை. மகள் கையை எடுக்காமல், பதில் அங்கேதான் வரும் என்பதுபோலத் தொண்டையைத் தொட்டபடி நின்றாள்.