தழலியின் தங்கை

போதும்பொண்ணு பிறந்த வீட்டில் நான்காவது பெண். மூன்றோடு நின்றுவிடும் என்று நம்பியிருந்த வீட்டில், இனிமேல் பெண் வேண்டாம் என்று சாமிக்குக் கேட்கும்படியாக அவளுக்கு வைத்த பெயர் அது. அடுத்துப் பிறந்தவன் மருது. பேரு பலிச்சிருச்சு என்று செக்கானூரணிப் பக்கத்து ஊரே சந்தோஷப்பட்டது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பேர் கூப்பிடும்போது, “போதுமா, இன்னங் கொஞ்சம் வேணுமா?” என்று பின்னாலிருந்து எவனாவது கேட்பான். எட்டாவதோடு படிப்பை நிறுத்தும்வரை கேட்டார்கள்.

எண்பதாம் வருஷம் அவளுக்குக் கல்யாணமாகி மதுரைக்கு வந்தாள். புருஷன் கருத்தக்கண்ணன் காளவாசலில் லேத் பட்டறையில் வேலை பார்த்தான். பட்டறைக்கு எதிரே இருந்த வாடகைப் புத்தகக் கடையிலிருந்து அவளுக்கென்று வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சிறுவர் பத்திரிகை எடுத்து வருவான். அதில் ஒரு தொடர்கதை. சூரியன் தூங்கிப்போன நாட்டில் தழலி என்றொரு பெண், நெருப்பைத் தேடிப் பனிக்காட்டுக்குள் போகிறாள். அவள் பின்னாலேயே தங்கை கனலியும் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். போதும்பொண்ணு சத்தமாக வாசிப்பாள். மாமியார் அன்னக்கொடி மொச்சை உரித்துக்கொண்டே கேட்பாள். “அந்த நெருப்புப் புள்ள என்னாச்சுடி?” என்று வியாழக்கிழமையே விசாரிக்கத் தொடங்கிவிடுவாள்.

உண்டாகி ஆறாம் மாதத்தில் போதும்பொண்ணு முடிவு பண்ணிவிட்டாள். பெண் பிறந்தால் தழலி. கருத்தக்கண்ணன் சிரித்தான். “ஒனக்குப் பிடிச்சாச் சரி.” குலசாமி பேரான ஒச்சாயியை வைக்க வேண்டுமென்று இருந்த அன்னக்கொடி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பெண்தான் பிறந்தது. முப்பதாம் நாள் பேர் வைப்பது என்று ஏற்பாடு. அதற்கு முந்தின வாரம் வந்த பத்திரிகையில் தழலி கல்லாகிப் போனாள். நெருப்பைத் தங்கையின் சட்டியில் கொட்டிவிட்டு, குளிரில் நின்றபடியே கல்லாகிவிட்டாள். போதும்பொண்ணு வாசிக்கும்போதே அழுதுவிட்டாள்.

“கல்லாப் போனவ பேரையா எம்பேத்திக்கு வைக்கப் போற?” என்றாள் அன்னக்கொடி.

“கதைதான அத்தை.”

“கதையின்னா ஏன்டி அழுகுற?”

போதும்பொண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. தன் பெயர் தனக்காக வைத்தது அல்ல. தம்பி வருவதற்காக வைத்தது. தன் மகளுக்காவது அவளுக்கே அவளுக்கென்று ஒரு பெயர் வேண்டும். அம்புட்டுத்தான் அவள் கேட்டது.

பேர் வைக்கிற அன்றைக்குக் காலையில் அவளுடைய அப்பா விருமாண்டியும் மருதுவும் தொட்டில், சேலை, பழத்தட்டோடு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார் விருமாண்டி. காதில் மூன்று தரம் பேர் சொல்ல வேண்டும்.

“என்ன பேருத்தா?”

“தழலி.”

அவர் குனிந்தார். “தள்ளி. தள்ளி...”

“தள்ளி இல்லப்பா. தழலி.”

“அதத்தானத்தா சொல்றேன். தள்ளி.”

மருது முயன்று பார்த்தான். அவனுக்கும் ‘தளலி’ என்று வந்து, இரண்டாம் தரம் ‘தள்ளி’யாகவே விழுந்தது. கருத்தக்கண்ணன் ஒருமுறை சரியாகச் சொன்னான். அவசரமாகச் சொன்னபோது அவனுக்கும் சறுக்கியது. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். “தள்ளிப் போ, தள்ளி நில்லு” என்று யாரோ விளையாட்டாகச் சொன்னார்கள்.

போதும்பொண்ணு சிரிக்கவில்லை. எட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கேட்ட அதே சிரிப்பு. இவ்வளவு நாளும் தன் வாயில் எப்படி வருகிறது என்று மட்டுமே பார்த்திருந்தாள். ஊரார் வாயில் அது என்னவாகும் என்று நினைத்ததே இல்லை. அந்தப் பெயர் வேண்டியிருந்தது தனக்கா, பிள்ளைக்கா என்று முதல்முறையாகத் தோன்றியது.

“அப்பா, இருங்க. அது வேண்டாம்.”

அன்னக்கொடி நிமிர்ந்து பார்த்தாள். ஒச்சாயி என்றுதான் சொல்லப் போகிறாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

“கனலின்னு சொல்லுங்கப்பா.”

“கனலி,” என்றார் விருமாண்டி. வழுக்காமல் வந்தது. இன்னும் இரண்டு தரம் காதில் சொன்னார். பிள்ளை கொட்டாவி விட்டது.

“அது யாருடி?” என்று கேட்ட ஒரு உறவுக்காரிக்கு அன்னக்கொடியே பதில் சொன்னாள். “அந்த நெருப்புப் புள்ளையோட தங்கச்சி. இப்பச் சட்டி அவ கையிலதான் இருக்கு.” சொல்லிவிட்டு, தன் பங்குக்குக் குனிந்து காதில் ஒச்சாயி என்றும் மூன்று தரம் சொன்னாள். போதும்பொண்ணு தடுக்கவில்லை.

சாப்பாடு முடிந்து, மருது முன்னால் போய்விட, பஸ் நிறுத்தம்வரை அப்பாவோடு அவளே நடந்தாள். வெயில் தணிந்திருந்தது. விருமாண்டி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஒனக்கும் நான் ஒரு பேரு நெனச்சு வச்சிருந்தேன் தாயி. எங்கய்யா கேக்கல. இந்தப் பேருதான்னு நின்னுட்டாரு. நானும் வாயைத் திறக்கல.”

அவள் நின்றாள். இருபத்திரண்டு வருஷத்தில் இதை அவர் சொன்னதே இல்லை.

“என்ன பேருப்பா?”

அவர் வெகுநேரம் யோசித்தார். உசிலம்பட்டி பஸ் வந்து நின்றது. மருது உள்ளே இடம் பிடித்துவிட்டுக் கூப்பிட்டான்.

“மறந்துபோச்சுத்தா,” என்றார்.

அவர் கண்ணைப் பார்த்தாள். பொய் சொல்லவில்லை. நிஜமாகவே மறந்திருந்தார், அதுவும் இப்போதுதான் அவருக்கே தெரிந்தது போலிருந்தது. படியில் ஏறியவர் கம்பியைப் பிடித்தபடி திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

பஸ் போன பிறகும் அவள் கொஞ்ச நேரம் நின்றாள். கோபம் வருமென்று எதிர்பார்த்தாள். வரவில்லை. மார்பு கனத்து ரவிக்கை நனையத் தொடங்கியது. பால் நேரம். வீட்டைப் பார்த்து வேகமாக நடந்தாள்.